ஒட்டுண்ணி: ஒரு வசைச்சொல்லின் வயல்வெளி வரலாறு

நம் அரசியல் எழுத்தில் 'ஒட்டுண்ணி' என்ற சொல்லுக்கு ஒரே ஒரு வேலைதான். வசவு. வட்டிக்காரன் ஒட்டுண்ணி, தரகன் ஒட்டுண்ணி, நிலத்தில் கால் வைக்காமல் குத்தகை வாங்கித் தின்பவன் ஒட்டுண்ணி. இடதுசாரித் துண்டறிக்கைகளிலும் மேடைப்பேச்சுகளிலும் இந்தச் சொல் இல்லாமல் ஒரு பத்தி நகராது. நானும் எழுதியிருக்கிறேன். அதில் தப்பு ஒன்றும் இல்லை என்றுதான் இன்றும் நினைக்கிறேன், வட்டிக்காரனை வேறெப்படி அழைப்பது? ஆனால் சொல்லுக்கு ஒரு வரலாறு உண்டு. கிரேக்கத்தில் 'பாரசிட்டோஸ்' என்றால் அடுத்தவன் பந்தியில் உட்கார்ந்து முகஸ்துதி பாடிச் சாப்பிடுகிறவன். சமூகத்திலிருந்துதான் அந்தச் சொல் உயிரியலுக்குப் போயிருக்கிறது. அங்கே அறிவியல் சாயம் பூசிக்கொண்டு மறுபடி சமூகத்துக்குத் திரும்பி வந்தபோது அது பழைய நையாண்டியாக இல்லை. நாஜிகள் யூதர்களை அந்தப் பேரால் அழைத்தார்கள். பூச்சியைக் கொல்லப் புகையிடும் ஸைக்ளோன்-பி ஆஷ்விட்ஸின் அறைகளுக்குள் போனது. வசவும் மருந்தும் ஒரே சொல்லாடலுக்குள் கைகோத்துக்கொண்ட இடம் அது.

இதே 'ஒட்டுண்ணி' நம்மூர் வேளாண்மை விரிவாக்க மையத்தின் பலகையில் வேறு ஆளாக நிற்கிறது. 'முட்டை ஒட்டுண்ணி அட்டை கிடைக்கும்' என்று போட்டிருப்பார்கள். கரும்பு இடைக்கணுப் புழுவுக்கு, நெல் இலைச்சுருட்டுக்கு, இத்தனை சி.சி. ஏக்கருக்கு என்று கணக்கு. அரிசி அந்துப்பூச்சியின் முட்டைகளைப் பசை தடவிய அட்டையில் ஒட்டி, அதற்குள் டிரைக்கோகிரம்மா என்ற, கண்ணுக்குச் சரியாகத் தெரியாத குளவியை முட்டையிட விட்டிருப்பார்கள். அட்டையைத் துண்டு துண்டாக வெட்டி இலைக்கடியில் கட்டினால் குளவிகள் வெளியே வந்து பயிரைத் தின்னும் பூச்சியின் முட்டைக்குள் தம் முட்டையை இடும். புழு பிறக்கிற இடத்தில் குளவி பிறக்கும். விவசாயிக்கு இங்கே ஒட்டுண்ணி சிநேகிதன். வேளாண் அகராதியில் அதற்கு 'நன்மை செய்யும் பூச்சி', 'இயற்கை எதிரி' என்றெல்லாம் பெயர். யாருக்கு நன்மை, யாருக்கு எதிரி என்பதைச் சொல்லாமலே விட்டுவிடுவது அந்த அகராதியின் வழக்கம்.

துல்லியமாகச் சொன்னால் இந்தக் குளவிகள் ஒட்டுண்ணியும் இல்லை. பேனும் நாடாப்புழுவும் தாம் ஒட்டியிருக்கும் உடலைச் சாகவிடாமல் பார்த்துக்கொள்ளும். உடல் செத்தால் அவற்றுக்கும் வீடு போச்சு. குளவியின் புழு அப்படியில்லை. இருந்த உடலை முழுக்கத் தின்று முடித்துக் கொன்றுவிட்டுத்தான் வெளியே வரும். இந்த வித்தியாசத்துக்காகவே பின்லாந்தைச் சேர்ந்த ராய்ட்டர் 1913இல் 'பாரசிட்டாய்டு' என்று ஒரு தனிச்சொல்லை உண்டாக்கினார். தமிழில் அந்தப் பிரிப்பு புழக்கத்துக்கு வரவில்லை. இரண்டையும் ஒட்டுண்ணி என்றே சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

சொல் வராமல் போனாலும் குளவி நமக்குப் புதுசு இல்லை. கொட்டக் கொட்டப் புழுவும் குளவியாகும் என்பது எழுத்தறியாத பாட்டிக்கும் தெரியும். வடமொழியில் இதற்குப் பிரமர-கீட நியாயம் என்று பேர். பாகவதத்தில் இருக்கிறது, விவேகசூடாமணியில் இருக்கிறது, தமிழ்ச் சமய உரைகளில் எடுத்துக்காட்டாக வந்துகொண்டே இருக்கிறது. குளவி ஒரு புழுவைத் தூக்கிக்கொண்டு வந்து மண்கூட்டுக்குள் அடைக்கிறது. அதைக் கொட்டுகிறது. கொட்டுக்குப் பயந்து புழு சதா குளவியையே நினைத்துக்கொண்டிருக்கிறது. நினைத்து நினைத்துக் குளவியாகவே மாறிப் பறந்துவிடுகிறது. சீவன் சிவமாவது இப்படித்தான், சீடன் குருவாவது இப்படித்தான்.

எம்.ஏ. வகுப்பில் இதை எங்களுக்கு நயம் பாராட்டிச் சொல்லிக் கொடுத்தார்கள். அழகான உவமைதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கூட்டை உடைத்துப் பார்த்திருந்தால் என்ன தெரிந்திருக்கும்? மண்குளவி புழுவைக் கொல்வதில்லை. நரம்பில் கொட்டி அசையாமல் செய்துவிடுகிறது. செத்தால் அழுகிவிடும், அசைந்தால் முட்டை நசுங்கிவிடும். ஆக உயிரோடு, அசைவில்லாமல், கெடாமல் இருக்க வேண்டும். கூட்டில் ஒரு முட்டையை இட்டு வாயை மண்ணால் அடைத்துவிட்டுப் போகிறது. முட்டையிலிருந்து வரும் குளவிக்குஞ்சு அந்தப் புழுவைத் தின்று வளர்ந்து, கூட்டைத் துளைத்து வெளியே வருகிறது. உள்ளே போனது புழு, வெளியே வந்தது குளவி. நடுவில் நடந்த சாப்பாட்டைத்தான் நியாயம் 'மாற்றம்' என்று படித்துவிட்டது.

இது வெறும் அவதானிப்புக் குறைபாடு என்று நான் எடுத்துக்கொள்ளவில்லை. அச்சத்தால் ஒருவன் தன்னை அடக்குபவனாகவே மாறி உய்கிறான் என்ற கதை யாருக்குத் தேவைப்பட்டது என்று கேட்க வேண்டும். புழு தன் விருப்பத்தோடு குளவியானது என்று சொல்லிவிட்டால், கூட்டுக்குள் யாரும் தின்னப்படவில்லை என்றாகிவிடும். மேல்நிலையாக்கம் பற்றிப் பேசிய சமூகவியலாளர்களுக்கும் இந்த நியாயத்துக்கும் தூரம் அதிகமில்லை. கீழே இருப்பவன் மேலே இருப்பவனின் உணவை, உடையை, சாமியைப் பழகிப் பழகி அவனாகவே ஆகிறான் என்கிற கதையாடலில், பழையவன் எங்கே போனான் என்ற கேள்வி எழுவதே இல்லை. புழுவின் தரப்பிலிருந்து எழுதப்பட்ட வேதாந்தம் ஏதும் நம்மிடம் இல்லை.

ஆச்சரியம், இதே கதை சீனத்திலும் இருக்கிறது. அங்கே புழுவின் பேர் மிங்லிங். மிகப் பழைய பாட்டுத் தொகுப்பு ஒன்றில் குளவி மிங்லிங்கின் குட்டியைத் தூக்கிப்போகும் செய்தி வர, அதை வைத்து உரைகாரர்கள் ஒரு தத்தெடுப்புக் கதையைக் கட்டினார்கள். குளவிக்குப் பிள்ளை கிடையாது, புழுவை எடுத்து வளர்த்துத் தன்னைப் போலவே ஆகும்படி வேண்டிக்கொண்டே இருக்கும், அதுவும் ஆகிவிடும். கி.பி. முதல் நூற்றாண்டின் தொடக்கத்தில் மறைந்த யாங் ஷியோங் இதைக் கன்பூசியசுக்கும் அவருடைய சீடர்களுக்கும் பொருத்திப் பேசினார். குரு-சீடன், அப்படியே நம் கதை! தத்துப்பிள்ளைக்கு மிங்லிங் பிள்ளை என்ற பேரும் நிலைத்துவிட்டது. ஆனால் அங்கே ஐந்து, ஆறாம் நூற்றாண்டுகளில் வாழ்ந்த மருத்துவரும் தாவோ துறவியுமான தாவ் ஹோங்ஜிங் சும்மா இருக்கவில்லை. குளவிக்கூடுகளைக் கவனித்துப் பார்த்தார். உள்ளே குளவியின் முட்டை தனியாக இருக்கிறது, புழுக்கள் அதன் குஞ்சுக்குத் தீனி, தத்தும் இல்லை ஒன்றும் இல்லை என்று எழுதிவைத்தார். அதற்கப்புறமும் உவமை சாகவில்லை என்பது வேறு விஷயம். உவமைகள் உண்மையால் சாவதில்லை போலிருக்கிறது.

ஐரோப்பாவும் இதில் மெதுவாகத்தான் கண் திறந்தது. 1602இல் அல்ட்ரோவாண்டி முட்டைக்கோஸ் புழுவின் மேல் ஒட்டியிருந்த மஞ்சள் குளவிக்கூடுகளைப் பார்த்துவிட்டு அவற்றைப் புழு இட்ட முட்டைகள் என்று நினைத்தார். அந்த நூற்றாண்டின் கடைசியில்தான் விஷயம் தெளிந்தது. தெளிந்ததும் இறையியலுக்குத் தலைவலி. 1860இல் டார்வின் தன் அமெரிக்க நண்பர் ஏசா கிரேக்கு எழுதிய கடிதத்தில் இந்தக் குளவியைத்தான் இழுக்கிறார்: புழுக்களின் உயிருள்ள உடலுக்குள்ளிருந்து தின்பதற்கென்றே இப்படி ஒரு குளவியை அன்பே உருவான கடவுள் படைத்திருப்பார் என்று தன்னால் நம்ப முடியவில்லை என்பது அதன் சாரம். நம்மாள் குளவியில் முக்தியைக் கண்டான், அவர் அதில் கடவுளைத் தொலைத்தார். ஒரே பூச்சி.

போகிற போக்கில் ஒன்று. தொண்ணூறுகளில் டெலூஸ்-கத்தாரி வழியாக நம் சிறுபத்திரிகைகளுக்கு ஒரு குளவி வந்து சேர்ந்தது; ஆர்க்கிட் பூவோடு சேர்ந்து குளவி பூவாகிறது, பூ குளவியாகிறது என்று நாமும் பேசினோம். மத்தியதரைக்கடல் ஓரத்தில் கண்ணாடி ஆர்க்கிட் பூவை நாடிவரும் அந்த வகைக் குளவியின் குஞ்சு, மண்ணுக்கடியில் வண்டுப்புழுவைத் தின்று வளர்வது. ஆண் குளவியும் பூவும் கொண்டாடப்பட்ட அளவுக்கு அந்த வண்டுப்புழு கண்டுகொள்ளப்படவில்லை. இங்கேயும் தின்னப்பட்டது பிரதிக்கு வெளியே.

கடவுளைப் பற்றிய விவகாரம் அரசாங்க இலாகாவின் வேலையாக மாறுவது பத்தொன்பதாம் நூற்றாண்டின் பின்பகுதியில். 1883இல் அமெரிக்க அரசின் பூச்சியியலாளர் ரைலி, ஐரோப்பாவிலிருந்து வந்து குடியேறிய முட்டைக்கோஸ் வண்ணத்துப்பூச்சியை அடக்க இங்கிலாந்திலிருந்து ஒரு குளவியை வரவழைத்தார். அல்ட்ரோவாண்டி முட்டை என்று நினைத்தாரே, அதே குளவி. பயிர் கடல் தாண்டுகிறது, பூச்சி பின்னாலேயே ஒட்டிக்கொண்டு தாண்டுகிறது, பூச்சியைத் தின்பது மட்டும் ஊரிலேயே தங்கிவிடுகிறது. அதையும் கப்பலேற்றிவிட்டால் பழைய கணக்கு நேராகும். யோசனை இவ்வளவுதான். கலிஃபோர்னியாவின் ஹாரி ஸ்மித் 1919இல் இதற்கு 'உயிரியல் கட்டுப்பாடு' என்று பெயரிட்டார். காலனியம் உயிரினங்களை இடம் மாற்றிக் குலைத்ததைச் சரிசெய்யவும் காலனியத்தின் கப்பல்களே வேண்டியிருந்தன என்பதைக் குறித்துக்கொள்ளலாம்.

இந்த வழி முழுதாக நடைபோடுவதற்குள் வேதியியல் வந்து வழியை அடைத்தது. டிடிடி பூச்சியைக் கொல்வதை 1939இல் கண்டுபிடித்த பால் முல்லருக்கு 1948இல் நோபல். ஐ.ஜி. ஃபார்பன் கம்பெனியில் பூச்சிமருந்து தேடிக்கொண்டிருந்த ஷ்ராடர் 1936இல் தற்செயலாகக் கண்டது டாபுன் என்ற நரம்புவாயு, ராணுவம் எடுத்துக்கொண்டது. அதே ஷ்ராடரின் இன்னொரு பிள்ளை பாரத்தியான். தமிழில் அதற்கு அறிமுகமே வேண்டாம், 'பாலிடால்' என்றால் போதும். ஒரு கம்பெனியின் வணிகப்பெயர் நம் மொழியில் தற்கொலைக்கு மறுபெயராகிவிட்டது. 1958இல் கேரளத்தில் கப்பலில் பாலிடாலோடு சேர்ந்து வந்த கோதுமைமாவைத் தின்று நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். பத்து வருஷம் கழித்து 1968இல்தான் பூச்சிக்கொல்லிச் சட்டம் வந்தது. 1984 போபாலும் ஒரு பூச்சிமருந்து ஆலைதான். எல்லோருக்கும் தெரிந்த கதை, நீட்டவில்லை.

அவ்வளவாகத் தெரியாதது, மருந்து பூச்சியை உண்டாக்கும் என்பது. நெற்பயிரில் புகையான் அதற்குச் சாட்சி. பசுமைப் புரட்சிக்கு முன்னால் புகையான் ஒரு சில்லறைப் பூச்சி. மருந்தடித்ததும் முதலில் செத்தவை சிலந்திகளும் முட்டைக் குளவிகளும். புகையானின் முட்டை இலைத்தாளுக்குள் பத்திரமாக இருந்தது. பொரித்து வந்தபோது தின்ன ஆளில்லை. பீட்டர் கென்மோர் போன்றவர்கள் பிலிப்பைன்ஸ் வயல்களில் இதைக் காட்டிய பிறகு, இந்தோனேசியாவில் 1986இல் 57 மருந்துகளை நெல்லுக்கு அடிக்கக்கூடாதென்று ஆணை போட்டார்கள். மருந்துக்குக் கொடுத்த மானியத்தையும் படிப்படியாக நிறுத்தினார்கள். ஆணை போட்டவர் சுகார்த்தோ. லட்சக்கணக்கான கம்யூனிஸ்டுகளைக் கொன்ற ஆட்சி சிலந்தியையும் குளவியையும் காப்பாற்றியது. இதை எந்தக் கட்டத்துக்குள் போடுவது என்று எனக்குத் தெரியவில்லை. நம் நண்பர்கள் சிலர் சூழலியலை ஜனநாயகத்தின் தன்னியல்பான விளைவு மாதிரி எழுதும்போது இது நினைவுக்கு வருகிறது.

இனி மரவள்ளிக்கு வருகிறேன். இந்தக் கட்டுரை எழுதத் தூண்டியதே அதுதான்.

மரவள்ளி தென்னமெரிக்கக் கிழங்கு. பதினாறாம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர்கள் அதை பிரேசிலிலிருந்து ஆப்பிரிக்காவுக்குக் கொண்டுபோனார்கள். மனிதர்களைச் சங்கிலி போட்டு மேற்கே ஏற்றிய அதே கடல்வழியில் கிழங்கு கிழக்கே வந்தது. அடிமைக் கப்பல்களுக்குத் தீனியாகவும் ஆனது. வறட்சிக்கும் வளமில்லாத மண்ணுக்கும் ஈடுகொடுத்து, போர் வந்தாலும் மண்ணுக்குள் ஒளிந்துகொண்டு, ஆப்பிரிக்காவில் ஏறக்குறைய 20 கோடிப் பேரின் வயிற்றுக்கு அதுவே ஆதாரம் என்றானது. பூச்சிகளை ஊரிலேயே விட்டுவிட்டு வந்ததால் கிட்டத்தட்ட நானூறு வருஷம் அது நிம்மதியாக வளர்ந்தது. 1973இல் காங்கோ ஆற்றின் இரு கரையிலும், கின்ஷாசாவிலும் பிரசாவில்லிலும், குருத்து சுருண்டு முட்டைக்கோஸ் மாதிரி முடிச்சுப் போட ஆரம்பித்தது. உள்ளே வெள்ளையாக மாவுப்பூச்சி. அறிவியலுக்கே அது புதுசு. 1977இல்தான் பெயர் வைத்தார்கள். ஆணே கிடையாது, பெண் தனியாகவே பெண்ணைப் பெற்றுக்கொண்டே போகும். நடுகிற கரணையோடு ஊர் ஊராகப் போய், சில இடங்களில் விளைச்சலில் 80 சதவீதம் வரை தின்றது. மேலே மெழுகுப்பூச்சு, மருந்து ஒட்டாது. ஒட்டினாலும் வாங்கக் காசுள்ள ஜனங்கள் இல்லை அவர்கள்.

நைஜீரியாவின் இபாடானில் இருந்த வெப்பமண்டல வேளாண் ஆய்வு நிலையம் ஹான்ஸ் ஹெரென் என்ற சுவிஸ் இளைஞரிடம் வேலையைக் கொடுத்தது. அந்த நிலையம் ஃபோர்டு, ராக்ஃபெல்லர் பணத்தில் 1967இல் உருவானது. பசுமைப் புரட்சியின் சொந்தக் குடும்பம். இதையும் மறைக்கக்கூடாது. மரவள்ளியின் பூர்வீகம் தென்னமெரிக்கா, ஆக பூச்சியின் பூர்வீகமும் அங்கேதான் என்று தேடல் ஆரம்பித்தது. மத்திய அமெரிக்கா, கரீபியன், தென்னமெரிக்காவின் வடக்கு என்று அலைந்து ஒரு மாவுப்பூச்சியைக் கண்டுபிடித்தார்கள். பார்க்க அதே மாதிரி. ஆனால் வேறு இனம். ஹெரென் பெயரையே அதற்கு வைத்தார்கள். அதன் குளவிகள் ஆப்பிரிக்கப் பூச்சிக்கு உதவவில்லை. கடைசியில் 1981இல், கொலம்பியாவில் இருந்த ஒரு சகோதர நிறுவனத்தின் ஆய்வாளர் ஆன்டனி பெல்லோட்டி, யாரும் அதிகம் தேடாத தெற்கே, பராகுவேயில், அந்தப் பூச்சியைப் பார்த்தார். அங்கே அது ஒரு பிரச்சினையே இல்லை. மரவள்ளியை நெடுங்காலமாகப் பயிரிட்டு வரும் குவரானிகளின் நாட்டில் அது எண்ணிக்கையில் தலைதூக்கியதே இல்லை. ஏனென்றால் அங்கே அனாகைரஸ் லோபெஸி இருந்தது.

இரண்டு மில்லிமீட்டருக்கும் குறைவான குளவி. பெண் குளவி மாவுப்பூச்சியை உணர்கொம்பால் தட்டிப் பார்த்து அளவெடுக்கும். சிறிய பூச்சி என்றால் ஆணாகப் போகிற முட்டையை இடும். பெரிய பூச்சிக்குள் பெண்ணாகப் போகிற முட்டை, பெண்ணுக்குத் தீனி அதிகம் தேவை என்பதால். சிலவற்றில் முட்டை இடாமல் குத்திவிட்டு ஊறிவரும் சாற்றைக் குடித்துவிட்டுப் போய்விடும். உள்ளே குஞ்சு வளர வளர மாவுப்பூச்சி உப்பி, தோல் பழுப்பாக இறுகி ஒரு டப்பா போலாகிவிடும். குளவி அதில் ஒரு வட்ட ஓட்டை போட்டு வெளியே வரும். எல்லாம் மூன்று வாரத்துக்குள். இதில் என்னை உட்காரவைத்தது இன்னொன்று: மாவுப்பூச்சி பிடித்த மரவள்ளிச்செடி ஒரு வாசனையை விடுகிறது, குளவி அந்த வாசனையைப் பிடித்துக்கொண்டு வருகிறது என்று 1987இல் சோதனை செய்து காட்டினார்கள். செடி சும்மா தின்னக் கொடுத்துக்கொண்டு நிற்கவில்லை. 'இயற்கைச் சமநிலை' என்று நாம் சாதுவாகச் சொல்கிற இடத்தில் இத்தனை கூப்பாடும் கொலையும் பேரமும் நடக்கிறது.

குளவிகளை லண்டன் வழியாகக் கொண்டுவந்தார்கள். அங்கே அடைத்துவைத்துச் சோதித்தார்கள், வேறு எதையும் தின்னாது, வேறு நோயைக் கொண்டுவராது என்று பார்க்க. 1981 முடிவதற்குள் நைஜீரியாவில் முதலில் விட்டார்கள். பிறகு நாடு நாடாக; விமானத்திலிருந்தும் விட்டார்கள். பத்து வருஷத்தில் இருபதுக்கும் மேற்பட்ட ஆப்பிரிக்க நாடுகளில் குளவி நிலைத்துவிட்டது. மாவுப்பூச்சி அழியவில்லை, அடங்கியது. ரிச்சர்ட் நார்கார்டு என்ற பொருளாதாரவாதி 1988இல் கணக்குப் போட்டு, செலவழித்த ஒரு டாலருக்கு 149 டாலர் பலன் என்றார். 1995இல் ஹெரெனுக்கு உலக உணவுப் பரிசு. அந்த 149 டாலரில் ஒரு காசும் எந்தக் கம்பெனியின் கல்லாவுக்கும் போகவில்லை என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. இந்தக் குளவியை ஒருதரம் விட்டால் போதும், அடுத்த வருஷம் வாங்க வேண்டாம். பக்கத்து வயலுக்குப் பறந்து போகும், பில் போட முடியாது. எல்லை தாண்டும், சுங்கம் கேட்க முடியாது. சரக்காக மாற மறுக்கிற பொருளுக்கு முதலாளி கிடைக்கமாட்டான். அரசோ பொதுப்பணமோ இறங்கினால்தான் உண்டு. நம் கடைகளில் விற்கிற முட்டை ஒட்டுண்ணி அட்டை வேறு வகை. அது ஒவ்வொரு பருவமும் மறுபடி மறுபடி வாங்கிக் கட்ட வேண்டியது, ஆகவே அதற்குச் சந்தை உண்டு. இரண்டையும் 'உயிரியல் கட்டுப்பாடு' என்று ஒரே பைக்குள் போட்டுப் பேசுவது சௌகரியம், அவ்வளவுதான்.

மாவுப்பூச்சி 2008இல் தாய்லாந்துக்கு வந்தது. அங்கிருந்தவர்கள் 2009இல் பெனின் நாட்டிலிருந்து குளவியை வரவழைத்துப் பெருக்கி விட்டார்கள். அதே 2008இல் நம் கோயமுத்தூரில் இன்னொரு மாவுப்பூச்சி, மெக்சிகோ பக்கத்துப் பப்பாளிப் பூச்சி, தெரியவந்தது. பப்பாளி, மல்பெரி, மரவள்ளி எல்லாவற்றிலும் வெள்ளை பூத்து, பட்டுப்புழு வளர்த்தவர்கள் இலையில்லாமல் தவித்தார்கள். மருந்து மேல் மருந்தாக அடித்தும் நிற்கவில்லை. 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து பெங்களூர் மையத்தின் வழியாக மூன்று வகைக் குளவிகள் வந்தன. அவற்றில் அசெரோஃபேகஸ் பப்பாயே என்பதுதான் வேலையை முடித்தது. சில மாதங்களில் பூச்சி அடங்கிப்போனது. நம் சூழல் இதழ்கள் அன்று இதைக் கொண்டாடியதாக எனக்கு ஞாபகமில்லை. வெற்றிகள் நமக்குச் செய்தியாவதில்லை.

சேலத்துக்கும் மரவள்ளிக்கும் உள்ள உறவு இரண்டாம் உலகப்போரில் ஆரம்பிக்கிறது. மலேயாவிலிருந்து ஜவ்வரிசி வருவது நின்றுபோக, மரவள்ளி மாவிலிருந்து இங்கேயே ஜவ்வரிசி செய்யத் தொடங்கினார்கள். பிறகு சேலம், நாமக்கல், தருமபுரி எங்கும் சேகோ ஆலைகள். கொல்லிமலையில் சாமையும் கேழ்வரகும் இருந்த இடத்தில் மலையாளிப் பழங்குடிகளின் காடுகளும் குச்சிக்கிழங்குக்கு மாறின. தின்கிற பயிர் போய் விற்கிற பயிர் வந்தது. விலையை மலையில் இருப்பவர்களா தீர்மானிக்கிறார்கள்? இந்தப் பரப்புக்குள்தான் ஆப்பிரிக்காவைத் தின்ற அதே மாவுப்பூச்சி வந்தது. 2020இல் திருச்சூரில் முதலில் பார்த்தார்கள், பிறகு இந்தப் பக்கம் முழுக்க. பொது முடக்கக் காலம், கேட்பாரில்லை. 2021இல் பெனினிலிருந்து அனாகைரஸ் லோபெஸியைக் கொண்டுவந்து பெங்களூரில் சோதித்து, 2022 மார்ச்சில் ஏத்தாப்பூர் மரவள்ளி ஆராய்ச்சி நிலையத்திலிருந்து விட ஆரம்பித்தார்கள். பராகுவே, லண்டன், இபாடான், கோத்தனு, பெங்களூர், ஏத்தாப்பூர். ஒரு கொசுவளவுகூட இல்லாத பூச்சியின் பிரயாணம்.

அதற்கடுத்த வருஷம் அந்தப் பக்கம் ஒரு கூட்டத்துக்குப் போனபோது ஒரு காட்டுக்குப் போய்ப் பார்த்தேன். முக்கால் ஏக்கர் குத்தகை, முள்ளுவாடி போட்டிருந்தார் ஒரு அம்மா. குருத்தைப் பிரித்து, பழுப்பாக இறுகிய மாவுப்பூச்சிகளில் ஓட்டை விழுந்திருந்ததைக் காட்டினார்.

"பூச்சிய வெச்சே பூச்சியக் கொல்றாங்களாம் தம்பி. நாங்க மொதல்ல நம்பவே இல்ல. மருந்தடிச்சாத்தான வேலை நடந்த மாதிரி இருக்கும், இது சும்மா ஒரு டப்பாவத் தொறந்து உட்டுட்டுப் போறாங்க."

"இப்ப நம்பறீங்களாம்மா?"

"நம்பி என்ன பண்றது? மேல்காட்டுக்காரரு டேங்க்கைத் தூக்கிட்டு வந்து அடிக்கிறாரே. அது காத்துல இங்கதான வருது. பூச்சிக்கு மெழுகு இருக்குது, குளவிக்கு ஒண்ணும் இல்லியே."

இதைவிடத் தெளிவாக ஒட்டுண்ணியியலை எந்த நூலிலும் நான் படிக்கவில்லை. மேல்காட்டுக்காரர் நிலத்துக்குச் சொந்தக்காரர், இந்த அம்மா குத்தகைக்காரர். மருந்தைத் தூக்கி அடிப்பது மேல்காட்டுக்காரரும் இல்லை, கூலிக்கு வரும் ஆள். அவர் சேரியிலிருந்து வருகிறார், கைக்கு உறையில்லை, மூக்குக்குத் துண்டு.

இயற்கை வேளாண்மை பேசும் தோழர்களோடு எனக்கு இங்கேதான் ஒரு சண்டை. 'இயற்கைக்குத் திரும்புவோம், எல்லாம் தானே சரியாகிவிடும்' என்கிறார்கள். இந்தக் குளவி தானே வரவில்லை. வகைப்பாட்டியல் தெரிந்தவர், தனிமைப்படுத்தல் கூடம், பன்னாட்டு நிறுவனம், அரசு அனுமதி எல்லாம் சேர்ந்துதான் அது ஏத்தாப்பூரில் இறங்கியது. பாரம்பரிய அறிவில் இந்தப் பூச்சிக்குப் பதில் இருந்திருக்க முடியாது; இந்தக் கிழங்கே பாரம்பரியத்தில் இல்லை. இன்னொரு பக்கம், குளவியை அப்பாவியாக்குவதும் ஆபத்து. ஹவாய்த் தீவுகளில் பயிர்ப்பூச்சிகளை அடக்க வரிசையாகக் குளவிகளைக் கொண்டுவந்து விட்டார்கள். 2001இல் வெளியான ஓர் ஆய்வு, மனிதர் அதிகம் போகாத ஒரு மலைச்சதுப்பில் நாட்டு அந்துப்பூச்சிகளின் புழுக்களை எடுத்து வளர்த்துப் பார்த்தது. அவற்றிலிருந்து வந்த ஒட்டுண்ணிகளில் 83 சதவீதம் மனிதர் திட்டமிட்டுக் கொண்டுவந்த இனங்கள், 14 சதவீதம் தற்செயலாக வந்து சேர்ந்தவை. உள்ளூர்க் குளவிகள் 3 சதவீதம். வயலுக்கென்று விட்டது காட்டுக்குள் போய்விட்டது. திருப்பிக் கூப்பிடக் குளவிக்குக் காது கிடையாது. அதனால்தான் ஒரே ஒரு இரையைத் தவிர வேறெதையும் தொடாத, வாய்க்கு வக்கணை பார்க்கிற குளவியாகத் தேடுகிறார்கள். லோபெஸி அப்படிப்பட்டது, நம் சௌகரியத்துக்காக அது அப்படி ஆகவில்லை.

அப்படிப்பட்ட குளவிக்கு ஒரு சங்கடம் உண்டு. மாவுப்பூச்சி அடியோடு தீர்ந்துபோனால் அதுவும் தீர்ந்துபோகும். எனவே எந்தக் காட்டிலும் கொஞ்சம் மாவுப்பூச்சி இருந்துகொண்டே இருக்க வேண்டும், குருத்துகள் கொஞ்சம் சுருண்டே இருக்க வேண்டும். ஆப்பிரிக்காவில் நாற்பது வருஷமாக அப்படித்தான் இருந்து வருகிறது. 'ஒழிப்போம்' என்று எழுதிப் பழகிய கைக்கு இது ஒரு மாதிரியாகத்தான் இருக்கும். மேல்காட்டுக்காரருக்கும் அதுதான் பிரச்சினை. நாலு பூச்சி கண்ணில் பட்டால் டேங்க்கைத் தூக்கச் சொல்கிறார். குத்தகைக்காட்டு அம்மா அவரிடம் போய், மாசி வரைக்கும் அடிக்காதீங்க என்று சொல்லலாம்தான். அவருடைய வரப்பு வழியாகத்தான் அந்த அம்மா தன் காட்டுக்கே போக வேண்டும்.